மெத்தென்ற சீட் ஏன் ஒரு மணி நேரத்தில் கல்லாகிறது?

வாசகர் கேள்வி – பதில்

மோட்டார் சைக்கிள் சீட் தைப்பதிலும் சீர்செய்வதிலும் எனக்கு 22 வருடம் ஓடிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் கேட்கின்றன. ஒன்று, நீண்ட நேரம் உட்கார முடியவில்லை. மற்றொன்று, பின் மட்கார்டில் பெயிண்ட் போகிறது. சீட்டைக் கழற்றித் தலைகீழாகப் பலகையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்பது தெரியும். அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கம்பெனி சீட் கெட்டியாக இருக்கிறது என்று, கையால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும் ஸ்பாஞ்ச் போட்டு மாற்றித் தைத்தேன். முதல் 10 நிமிடம் சுகமாக இருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டினால் முன்பைவிட வலிக்கிறது. தைத்தவர் மட்டமான ஸ்பாஞ்சைப் போட்டுவிட்டாரா ஐயா?

அவர் மேல் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் மெத்தென்று கேட்டீர்கள், மெத்தென்று கொடுத்துவிட்டார். எனக்கு வரும் வேலைகளில் அதிகமாகப் பிரித்துத் திரும்பத் தைப்பது இந்த மாதிரி சீட்டுகளைத்தான்.

ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. நிமிர்ந்து உட்காரும்போது மேல் உடம்பின் எடையில் பெரும்பங்கு அந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் இறங்குகிறது. மென்மையான ஸ்பாஞ்ச் அந்த முனைகளுக்கு அடியில் முழுவதும் நசுங்கிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் உட்கார்ந்திருப்பது சீட்டின் அடித்தட்டில். சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் மட்டும் மேலே எழும்பி சதையை நெருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து மரத்துப்போகும், பிறகு எரியும். முதல் 10 நிமிடத்தில் இது எதுவும் தெரியாது. கடையில் நின்றபடி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து சீட் வாங்குபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஸ்பாஞ்ச் வாங்கும்போது இரண்டு வார்த்தைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்ச் எத்தனை கிலோ என்கிற கணக்கு. கெட்டித்தன்மை என்பது அதை அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. இரண்டும் வேறு வேறு. அடர்த்தி குறைந்த ஸ்பாஞ்சைக்கூட கெட்டியாகச் செய்ய முடியும். புதிதில் ஜோராக இருக்கும், சில மாதங்களில் உள்ளே இருக்கும் நுண்ணறைகள் உடைந்து, உட்காரும் இடம் குழியாகிவிடும். நமக்கு வேண்டியது அடர்த்தி அதிகமாகவும் கெட்டித்தன்மை நடுத்தரமாகவும் உள்ள ஸ்பாஞ்ச், அமுக்கிவிட்டால் சட்டென்று எழும்புகிற வகை. அதன் மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் மென்மையான ஓர் அடுக்கு போதும். மென்மை மேலே, தாங்குவது கீழே.

சோதிப்பதற்குக் கையை விட்டுவிட்டு முழங்காலைப் பயன்படுத்துங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நீங்கள் உட்காரும் அதே இடத்தில் ஒரு முழங்காலை வைத்து உடம்பின் எடை முழுவதையும் கொடுங்கள். அடித்தட்டு முட்டியில் தட்டுப்பட்டால் அந்த ஸ்பாஞ்ச் உங்கள் எடைக்குப் போதாது.

இன்னொன்று. வலி எங்கே என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். என்னிடம் வருபவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். எலும்பு முனைகளில் வலித்தால் ஸ்பாஞ்சையோ சீட்டின் அகலத்தையோ பார்க்க வேண்டும். உள்தொடையில் வலித்தால் சீட்டின் ஓரம் கூர்மையாக இருக்கிறது, அதை மழுக்கினால் போதும். வால் எலும்பில் வலித்தால், காலை முன்னால் நீட்டி ஓட்டும் வண்டியாக இருக்கும். அதில் பாதங்கள் எடையைத் தாங்குவதே இல்லை, குழியில் ஏறும்போது அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டுக்குப் போகிறது. அங்கே இடுப்பைப் பின்னாலிருந்து தாங்கும் ஒரு மேடு வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்க் பக்கம் சறுக்கிப் போய், பிறகு பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டே இருக்கிறீர்களா? அப்படியானால் சீட்டின் சரிவுதான் தப்பு. எத்தனை விலையுயர்ந்த ஸ்பாஞ்ச் போட்டாலும் அது தீராது. சீட்டின் மேற்பரப்பு நடுவில் மேடாக, ஆமை ஓடு மாதிரி இருந்தாலும் அப்படித்தான். எலும்பு முனைகள் உட்காரும் இடம் தட்டையாகவோ லேசான குழிவாகவோ இருந்தால்தான் எடை பரவும்.

சீட்டைப் பிரிப்பதற்கு முன்னால் பின் ஷாக் அப்சார்பரையும் பாருங்கள். 1950-ல் நார்ட்டன் கம்பெனியின் ரேஸ் வண்டிகளுக்குப் புதிய ஃபிரேம் வந்தது. அதை ஓட்டிய ஹரால்ட் டேனியல் என்ற வீரர், இறகு மெத்தையில் போவது போல இருக்கிறது என்றார். அதிலிருந்து அந்த ஃபிரேமுக்கே ‘ஃபெதர்பெட்’ என்று பெயர் வந்துவிட்டது. மெத்தை என்று அவர் சொன்னது சீட்டை நினைத்து அல்ல, ஃபிரேமையும் ஸ்பிரிங்கையும் நினைத்து. சக்கரம் தொங்கும் நிலையில் பின் அச்சிலிருந்து மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் போகும் வண்டியில் 35 முதல் 40 வரை. வண்டி 10 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதன் அடியை சீட் வாங்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஜெல், மெமரி ஃபோம், காற்றடைத்த குஷன். இந்த மூன்றில் எது நல்லது?

மூன்றுமே தனியாக நிற்காது. கீழே நல்ல ஸ்பாஞ்ச் இருந்தால்தான் இவற்றுக்கு வேலை.

ஜெல் அமுங்கிச் சுருங்கும் பொருள் இல்லை, பக்கவாட்டில் விலகி எடையைப் பரப்பும். அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டியில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கவருக்கு நேர் கீழே ஜெல்லை வைக்க மாட்டேன். ஸ்பாஞ்சில் அதே அளவுக்குப் பள்ளம் வெட்டி உட்கார வைத்து, மேலே ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் போர்த்துவேன். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகுவது, குளிரில் விறைத்துக்கொள்ளும். அது மெதுவாக எழும்பும் என்பதால் அடுத்தடுத்து குழிகள் வந்தால் எழும்ப நேரமில்லாமல் தட்டையாகவே கிடக்கும். மேல் அடுக்காக மெல்லிசாக என்றால் சரி.

காற்றுக் குஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காற்றைக் குறையுங்கள். பந்து மாதிரி ஊதி அதன் மேல் உட்கார்ந்தால் வண்டி திரும்பும்போது உடம்பு உருளும், அது ஆபத்து. குஷன் மேல் உட்கார்ந்தபடி வால்வைத் திறந்து, எலும்பு அடியில் தட்டும்வரை காற்றை விடுங்கள். பிறகு ஒன்றிரண்டு ஊது ஊதி மூடிவிடுங்கள். சீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் காற்று இருந்தால் போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உட்கார முடியாமல் போவதற்கு வேர்வைக்கும் சூட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்டினால் சான்றிதழ் தரும் ‘அயர்ன் பட் அசோசியேஷன்’ என்ற அமைப்பு இருக்கிறது. அந்த மாதிரி தூரம் போகிறவர்கள் சிலர் மர மணிகள் கோத்த விரிப்பைத்தான் சீட் மேல் போடுகிறார்கள். பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் அடியில் காற்று ஓடும். தடிமனான வலைத்துணி கவரும் அதே வேலையைச் செய்யும். இதை முதலில் முயன்று பாருங்கள், வெட்டவோ தைக்கவோ ஒன்றுமில்லை.

கேள்வி: எனக்கு உயரம் குறைவு. சிக்னலில் நிறுத்தினால் ஒரு காலின் நுனிதான் தரையில் படுகிறது. சீட்டை 2 அங்குலம் வெட்டிவிடலாமா அண்ணா?

வெட்டாதே தம்பி, முதலில் அகலத்தைப் பார். கால் தரையை எட்டாததற்கு சீட்டின் உயரம் மட்டும் காரணம் இல்லை. டேங்கை ஒட்டிய இடத்தில் சீட் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, காலின் நீளம் அதிலேயே செலவாகிவிடும். முன்பகுதியின் இரண்டு ஓரங்களையும் சரிவாகச் சீவி எடுத்தாலே பாதம் பெரும்பாலும் இறங்கிவிடும். பின்பகுதியில், எலும்பு முனைகள் உட்காரும் இடத்தில், அகலத்தை அப்படியே விட்டுவிடச் சொல்.

அப்படியும் எட்டவில்லை என்றால் 1 அங்குலம். அதற்கு மேல் என் கையால் நான் வெட்டுவதில்லை. சீட் இறங்கும் அளவுக்கு ஃபுட்ரெஸ்ட் இறங்காது இல்லையா? முழங்கால் அதிகமாக மடங்கி, சிக்னலில் கிடைத்த சுகம் நெடுந்தூரத்தில் போய்விடும்.

கேள்வி: என்னுடையது க்ரூஸர் ரக வண்டி. பின் சீட் நேராக இரும்பு மட்கார்டின் மேல் உட்கார்கிறது. சீட்டைக் கழற்றியபோது, அது பட்ட இடமெல்லாம் பெயிண்ட் மங்கி, ஓரிடத்தில் இரும்பே தெரிகிறது. மெத்தென்ற சீட் எப்படி பெயிண்டைத் தேய்க்கும்?

சீட் தேய்க்கவில்லை. சீட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் புகுந்த தூசிதான் தேய்த்தது. ஓடும் வண்டியில் சீட் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைந்துகொண்டே இருக்கும். நடுவில் மணல் துகள் இருந்தால் அது உப்புத்தாள்தான்.

இதை நான் என் வண்டியில் கற்றுக்கொண்டேன். கருநீல மட்கார்டு. முதன்முதலில் எனக்கென்று தைத்த இரட்டை சீட்டை அதில் பொருத்தினேன். பெயிண்ட் கெடக் கூடாது என்று அக்கறையோடு ஒரு கம்பளித் துணியை மடித்து அடியில் வைத்தேன். மழைக்காலம் முடிந்து கழற்றியபோது துணி ஈரமாகவே இருந்தது. அதன் நூல்களுக்குள் மணல் நிறைந்திருந்தது. துணி கிடந்த இடம் முழுக்க பெயிண்ட் கொப்புளித்து, நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. பாதுகாக்க வைத்த பொருளே தண்ணீரையும் மண்ணையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிட்டது. அன்று ரொம்ப வருத்தப்பட்டேன். அதிலிருந்து, சீட்டுக்கு அடியில் துணி, ஃபெல்ட், ஸ்பாஞ்ச் துண்டு எதையும் வைக்க யாரையும் விடுவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? சீட்டைத் திருப்பிப் போட்டு அடித்தட்டைப் பாருங்கள். ரப்பர் புஷ்கள் இருக்கும். சீட்டின் எடையும் ஏறுபவரின் எடையும் இந்தப் புஷ்கள் வழியாக இறங்க வேண்டும். சீட்டின் ஓரம் மட்கார்டைத் தொடவே கூடாது. ஒரு புஷ் விழுந்துவிட்டாலோ தேய்ந்து குட்டையாகிவிட்டாலோ அந்த மூலை சாய்ந்து, ஓரம் பெயிண்டில் உட்காரும். உங்கள் வண்டியில் இரும்பு தெரியும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் புஷ்ஷைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும். சீட்டைப் பொருத்தியபின் ஓரத்தைச் சுற்றி ஒரு தபால் அட்டையை நுழைத்துப் பாருங்கள், எங்கும் தடையில்லாமல் போக வேண்டும். சாய்ந்த சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் இடுப்பும் சாயும். ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று வருபவர்களின் சீட்டில் புஷ்ஷைத்தான் முதலில் எண்ணிப் பார்ப்பேன்.

அடுத்தது, புஷ் உட்காரும் இடங்களில் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம். கார்களுக்கு ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிம்தான், 150 முதல் 200 மைக்ரான் தடிமனில் வரும், ஒட்டினால் தெரியாது. மெல்லிய அலங்கார ஸ்டிக்கர் இந்த வேலைக்கு ஆகாது. கருப்பு ரப்பர் வெளிர் நிற பெயிண்டில் நாளடைவில் கறை ஏற்றிவிடும் என்பதாலும் நடுவில் ஃபிலிம் வேண்டும். மட்கார்டை ஷாம்பு போட்டுக் கழுவி, மெழுகுப் பூச்சு இருந்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். ஃபிலிமின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக்குங்கள், கூர் மூலைதான் முதலில் கிளம்பும். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமைப் போட்டு நகர்த்திச் சரிசெய்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளுங்கள். பிறகு ஒரு நாள் சீட்டைப் பொருத்தாமல் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மட்கார்டில் இரும்பு தெரிவதால், அதற்கு முன்னால் துருவை எடுத்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் போட்டாக வேண்டும். புதுப் பெயிண்டின் மேல் உடனே ஃபிலிம் ஒட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபிலிமை எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும்.

போல்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். சீட்டின் இரும்புக் காது மட்கார்டில் படும் இடத்தில் ஒரு நைலான் வாஷர் போடுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மாட்டி, சீட் தானாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக முறுக்குங்கள். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சீட் கோணலாக நிற்கும். பழைய போல்ட் தொலைந்து புதிது போட்டால் நீளத்தைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், வண்டி குழியில் இறங்கும்போது டயரைக் கிழிக்கும். பின் விளக்குக்குப் போகும் ஒயரும் பல வண்டிகளில் அங்கேதான் ஓடுகிறது. சீட்டுக்கு அடியில் அது நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டு முறுக்குங்கள்.

அப்புறம், மாதம் ஒரு தடவை சீட்டைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதும் உப்புத்தாள் வேலைதான்.

கேள்வி: எப்போதாவதுதான் பின்னால் ஆள் ஏறுகிறார். ஒற்றை சீட்டே அழகாக இருக்கிறது. உறிஞ்சுக் கிண்ணங்களால் மட்கார்டில் ஒட்டும் சின்ன சீட் வாங்கலாமா?

குறுகிய தூரத்துக்கு மட்டும். ஒட்டும் முன் மட்கார்டையும் கிண்ணங்களையும் கழுவி, லேசாக ஈரப்படுத்தி, பலமாக அழுத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வெயிலில் அப்படியே விட்டால் பிடி தளரும், பெயிண்டில் வட்ட வட்டமாகத் தடம் விழும். அந்த மெல்லிய மட்கார்டு ஒரு ஆளின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதா என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்த பிறகே ஆளை ஏற்றுங்கள்.

கேள்வி: பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டினால் வண்டி எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். உங்கள் கருத்து?

வெட்ட வேண்டாம். டயர் தூக்கி எறியும் சேறு உங்கள் முதுகிலும் சீட்டின் அடியிலும் பின்னால் வருபவரின் முகத்திலும் விழும். அடித்தட்டில் சேறு ஏறினால் புஷ், ஒயர், ஸ்டேப்பிள் பின் எல்லாம் சீக்கிரம் போகும். மட்கார்டின் உள்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. அங்கே ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை உள்ளிருந்து அரிக்கும். சக்கரத்தைக் கழற்றும் நாளில் சுரண்டிக் கழுவி, காய்ந்ததும் ரப்பர் கலந்த அடிப்பூச்சு ஒரு கோட் அடித்துவிடுங்கள். பணம் செலவழிக்க ஆசை என்றால் சக்கரத்தை ஒட்டி வரும் உள் மட்கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள், ஷாக் அப்சார்பர் சேறு படாமல் பிழைக்கும்.

கேள்வி: பிளாஸ்டிக் மட்கார்டில் விரிசல். மாற்றத்தான் வேண்டுமா?

சின்னதாக இருந்தால் வேண்டாம். விரிசல் முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், மேலே ஓடாது. உள்பக்கம் ஒரு பட்டை வைத்து ஒட்டுங்கள். ஆனால் போல்ட் துளையிலிருந்து கிளம்பிய விரிசல் என்றால் மாற்றிவிடுங்கள். புது மட்கார்டில் போல்ட்டை அளவாக முறுக்குங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு இரண்டு நாள் ஆனாலும் சீட்டில் உட்கார்ந்தால் பேன்ட் நனைகிறது.

தையல் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் ஸ்பாஞ்ச் குடித்துவைத்திருக்கிறது. மேலே வெயிலில் காய வைத்தால் தீராது. கவரைப் பிரித்து, ஸ்பாஞ்சைப் பிழியாமல் சாய்த்து வைத்து நிழலில் முழுக்க உலர விடுங்கள். திரும்பப் போர்த்தும்போது ஸ்பாஞ்சுக்கும் கவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். தையல் கோடு உட்காரும் இடத்தின் நடுவில் வராமல் ஓரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். தண்ணீரும் இறங்காது, எலும்பிலும் குத்தாது. கவரை அடித்தட்டோடு பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். அடித்தட்டில் வடிகால் துளை இருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து நீண்ட தூரம் போக வேண்டும். ஓட்டுபவர் சீட் நன்றாக இருக்கிறது, அம்மாவுக்குத்தான் முடியவில்லை. எந்த சீட் வாங்கலாம்?

நல்ல கேள்வி. சீட் வாங்குபவர்கள் பெரும்பாலும் தங்கள் இடத்தில் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் இருப்பவர் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருகிறார், குழியின் அடி அவருக்குத்தான் முதலில் விழும். குழி வருவதும் அவருக்குத் தெரியாது, உடம்பைத் தயார் செய்துகொள்ள முடியாது. பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் வழி முழுக்க தொடையை இறுக்கிக்கொண்டே வருவார். அந்தச் சோர்வை சீட் வலி என்றே சொல்வார்.

அதனால் சீட்டுக்கு முன்னால் கைப்பிடியும் முதுகுச் சாய்வும். சாய்வின் கம்பிகள் மட்கார்டின் பக்கங்களில் பொருந்தும் இடத்திலும் அதே ஃபிலிம், அதே நைலான் வாஷர். பைகளைத் தொங்கவிட்டால் அவை ஆடி மட்கார்டில் உரசாதபடி தாங்கு கம்பி போடுங்கள். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இருவர் எடைக்கு ஏற்ற படிக்கு மாற்றுங்கள். சீட் என்று வரும்போது, பின் இருக்கை குறைந்தது அம்மாவின் எலும்பு முனைகள் இரண்டும் முழுசாக உட்காரும் அகலத்தில், பின்பக்கம் சரியாமல் தட்டையாக இருக்க வேண்டும்.

கடையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். இறங்கியதும் ‘வலிக்கிறதா’ என்று கேட்காமல், ‘எங்கே வலிக்கிறது’ என்று கேளுங்கள். எலும்பிலா, தொடையிலா, இடுப்பிலா, தோளிலா என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி, வண்டியின் சீட்டைத் திருப்பிப் போட்டு எடுத்த ஒரு படத்தோடு அனுப்புங்கள். அடுத்த இதழில் அங்கிருந்து தொடர்கிறேன்.